எத்தில் அசிடேட் சுத்திகரிப்புக்குக் காப்புரிமை: முதல் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது, பதிலை எங்கிருந்து தொடங்குவது?

கப்பலூர் கெமிக்கல்

வணக்கம். கப்பலூர் சிட்கோவில் சின்ன அளவில் சால்வென்ட் மீட்பு யூனிட் நடத்துகிறோம். சிவகாசி, மதுரைப் பக்கம் உள்ள பேக்கேஜிங் அச்சகங்களில் கழிவாக வரும் எத்தில் அசிடேட்டை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பதுதான் தொழில். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறது. அதை வாங்கிய கதை தனி ராமாயணம், இங்கே வேண்டாம்.

வரும் சரக்கில் மை, தண்ணீர், எத்தனால், கொஞ்சம் அசிட்டிக் அமிலம் எல்லாம் கலந்திருக்கும். மை முதல் கொதிப்பிலேயே பிரிந்துவிடும். அமிலம்தான் தொல்லை. எத்தில் அசிடேட் 77 டிகிரியில் கொதிக்கும், அசிட்டிக் அமிலம் 118-ல். கணக்குப்படி வடிக்கும் டவரில் சுலபமாகப் பிரிய வேண்டும். ஆனால் சூட்டில் அமிலமும் தண்ணீரும் சேர்ந்து கிடந்தால் எஸ்டரே, அதாவது எத்தில் அசிடேட்டே, உடைந்து இன்னும் அமிலமும் எத்தனாலும் உண்டாகும். அதனால் டவருக்கு முன்னாலேயே வீக் பேஸ் ரெசின் (அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் மணிகள்) நிரப்பிய பெட் வழியாக விட்டு அமிலத்தைப் பிடிக்கிறோம். இதுவரை பலரும் செய்வதுதான். எங்கள் விஷயம் இதுதான்: பெட்டுக்குப் போகும் சரக்கை முழுக்க உலர்த்தாமல், ஒரு அளவு தண்ணீரை வேண்டுமென்றே விட்டுவைக்கிறோம். அப்போதுதான் பெட் நன்றாகப் பிடிக்கிறது.

சென்னை அலுவலகத்திலிருந்து வந்த அறிக்கையில் நான்கு ஆட்சேபங்கள்.

காப்புரிமைச் சட்டம் பிரிவு 2(1)(ஜேஏ): டி1, டி2 என்று அவர் காட்டும் இரண்டு பழைய ஆவணங்களையும் சேர்த்துப் படித்தால் துறை தெரிந்த எவருக்கும் இது தானாகத் தோன்றும் என்கிறார் பரிசோதகர். பிரிவு 3(டி): தெரிந்த முறையின் வெறும் பயன்பாடு. பிரிவு 10: கிளெய்ம் (உரிமைக்கோரிக்கை) 1-ல் தண்ணீர் 0.5 முதல் 5 சதவீதம் என்று கேட்டிருக்கிறோம், எடுத்துக்காட்டுகள் 1, 1.5, 2 சதவீதத்தில் மட்டும்தான் உள்ளன. கடைசியாக, கிளெய்ம் 9-ல் உள்ள ரெசின் மறுஉருவாக்கம் (கழுவி மீட்பது) வேறு கண்டுபிடிப்பு.

டி1, எஸ்டர் சரக்கிலிருந்து ரெசினால் அமிலம் எடுக்கும் ஒரு பழைய அமெரிக்கக் காப்புரிமை. டி2, ரெசின்கள் பற்றிய பாடநூல் அத்தியாயம். பிளாண்டில் இது தினமும் ஓடுகிறது, வந்து பார்த்தால் தெரியும். இதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

வைகை88

அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள். கப்பலூர் டோல்கேட்டில் கட்டும் காசே போதாதா, காப்புரிமை அலுவலகத்துக்கும் ஏன் கட்டுகிறீர்கள்? செய்முறைக் காப்புரிமையை வைத்து யாரைப் பிடிக்க முடியும்? பக்கத்து ஷெட்டுக்காரன் பெட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் விடுகிறான் என்று சுவரேறிக் குதித்தா பார்க்கப்போகிறீர்கள்? விண்ணப்பம் வெளியானால் அவனுக்கும் ரெசிபி கிடைத்துவிடும். பேசாமல் ரகசியமாக வைத்திருக்கலாம்.

கப்பலூர் கெமிக்கல்

18 மாதம் தாண்டி வெளியாகிவிட்டது தம்பி. ரகசியம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

குன்றத்து ஏஜென்ட்

திருப்பரங்குன்றத்தில் இருந்து எழுதுகிறேன். வெகுநாளாக இந்த வேலைதான்.

முதலில் தேதி. பதிலுக்கு அறிக்கைத் தேதியிலிருந்து 6 மாதம். படிவம் 4 போட்டு 3 மாதம் நீட்டிக்கலாம். அதையும் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். பலர் கோட்டை விடுவது வெளிநாட்டு விண்ணப்ப விவரம் தரும் படிவம் 3-ல். 2024 விதித்திருத்தத்துக்குப் பிறகு அறிக்கை வந்த 3 மாதத்துக்குள் அதைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் விண்ணப்பம் எதுவும் இல்லையென்றாலும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, "வந்து பார்த்தால் தெரியும்" என்கிறீர்கள். அவர் வரமாட்டார். கிண்டியில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகருக்கு உங்கள் பிளாண்ட் ஓடுகிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. தாக்கல் செய்த நாளன்று காகிதத்தில் இருந்தது என்ன, அதற்கும் டி1-க்கும் என்ன வித்தியாசம், அந்த வித்தியாசத்தால் என்ன நடந்தது என்று எங்கே காட்டியிருக்கிறீர்கள்? அவர் பார்ப்பது இவ்வளவுதான்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். டி1 தண்ணீரைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? அறிக்கையில் எங்காவது "புதுமை இல்லை" என்ற ஆட்சேபம் இருக்கிறதா? உங்கள் விவரக்குறிப்பில் (முறையை விவரித்துத் தாக்கல் செய்த ஆவணத்தில்) தண்ணீர் இல்லாமல் ஓட்டிய எடுத்துக்காட்டு ஒன்றாவது இருக்கிறதா?

கப்பலூர் கெமிக்கல்

சார், டி1-ல் பெட்டுக்கு முன்னால் மாலிக்யூலர் சீவ் (தண்ணீரை உறிஞ்சும் மணிகள்) வைத்து உலர்த்தச் சொல்கிறார்கள். அளவு எதுவும் இல்லை, "உலர்ந்த சரக்கு" என்றுதான் இருக்கிறது.

புதுமை பற்றி ஆட்சேபம் இல்லை.

உலர்த்தி ஓட்டியது ஒன்று இருக்கிறது, எடுத்துக்காட்டு 4. அது தோற்ற ஓட்டம். மற்ற ஓட்டங்களில் பிடித்த அமிலத்தில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை. விண்ணப்பம் தயாரித்துக் கொடுத்தவர், தோல்வியை எதற்குக் காட்டவேண்டும், எடுத்துவிடலாம் என்றார். பக்கம் போட்டு முடித்துவிட்டோமே என்று அப்படியே விட்டோம்.

குன்றத்து ஏஜென்ட்

நல்லவேளை! உங்கள் விண்ணப்பத்தில் உள்ளதிலேயே விலை மதிப்பு அதற்குத்தான். ரெசின் வாத்தியார் இந்தப் பக்கம் வந்தால் தண்ணீர் ஏன் உதவுகிறது என்று அவர் சொல்லட்டும். விரிவாக அப்புறம் எழுதுகிறேன்.

ரெசின் வாத்தியார்

வந்துவிட்டேன். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன், நேரத்துக்குக் குறைவில்லை.

ரெசினில் இரண்டு வகை உண்டு. ஜெல் வகை மணி, தண்ணீரில் ஊறி வீங்கினால்தான் உள்ளே இருக்கும் வினைத்தளங்களுக்கு வழி திறக்கும். உலர்ந்த கரிமத் திரவத்தில் அது சுருங்கிக் கிடக்கும். மேக்ரோபோரஸ் வகையில் நிரந்தரத் துளைகள் இருப்பதால் வீங்காமலேயே வேலை செய்யும். கரிமச் சரக்குகளைச் சுத்தம் செய்வதில் அந்த வகை புகுந்ததே இதனால்தான். பெயர் பெற்ற உதாரணம், செலனீஸ் நிறுவனம் 1986-ல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை. மெத்தனாலிலிருந்து அசிட்டிக் அமிலம் செய்யும்போது அயோடைடு தங்கிவிடும். அந்த அமிலத்தை வினைல் அசிடேட் செய்ய அனுப்பினால் அங்கே இருக்கும் பலேடியம் வினையூக்கியை அது கெடுத்துவிடும். வெள்ளி அல்லது பாதரசம் ஏற்றிய மேக்ரோபோரஸ் ரெசின் வழியாக விட்டு அயோடைடைப் பிடித்தார்கள். தண்ணீர் இல்லாத ஊடகம் என்பது அந்தக் காப்புரிமையின் மையம்.

கப்பலூர்த் தம்பி சொல்வது இதற்கு மறுதிசையில் போகிறது. ஆனால் முடியாத காரியமல்ல. மேக்ரோபோரஸ் மணியும் உள்ளுக்குள் குட்டிக் குட்டி ஜெல் உருண்டைகள் ஒட்டிய கட்டிதான். துளைச் சுவரில் இருக்கும் தளங்கள் உலர்நிலையிலும் கிடைக்கும், உருண்டைக்குள் புதைந்தவை கிடைக்காது. கொஞ்சம் தண்ணீர் இருந்தால் உருண்டை நெகிழ்ந்து உள்தளங்களும் வேலைக்கு வரும். ரெசினில் அமிலத்தைப் பிடிக்கும் தளம் அமீன். அமிலம் அந்த அமீனுக்குப் புரோட்டானைக் கொடுத்து உண்டாகும் அயனி ஜோடிக்கும் தண்ணீர் அருகில் இருப்பது இதம். இது என் ஊகம்தான். கோட்பாடு சரியா என்று பரிசோதகர் தேர்வு வைக்கப்போவதில்லை, விளைவு காட்டப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

ஒரு கேள்வி. ரெசினில் இருப்பது மூன்றாம்நிலை அமீன்தானே? முதல்நிலை, இரண்டாம்நிலை அமீன் என்றால் எஸ்டரையே தாக்கி அமைடு ஆகிவிடும், பெட் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும்.

இன்னொன்றும் கண்ணை உறுத்துகிறது. அறை வெப்பநிலையில் எத்தில் அசிடேட் தாங்கும் தண்ணீர் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் அடியில் தனி அடுக்காகப் பிரியும். எத்தனால் இருந்தால் சற்றுக் கூடும், அவ்வளவே. கிளெய்மில் 5 சதவீதம் எங்கிருந்து வந்தது?

கப்பலூர் கெமிக்கல்

மூன்றாம்நிலைதான் ஐயா. கிளெய்ம் 2-லேயே சொல்லியிருக்கிறோம்.

5 சதவீதம், "அகலமாகக் கேட்போம், பிறகு குறைத்துக்கொள்ளலாம்" என்று போட்டது. கிளெய்ம் 3-ல் "விரும்பத்தக்க அளவு 1 முதல் 2.5 சதவீதம்" என்று இருக்கிறது.

குன்றத்து ஏஜென்ட்

சரி, இப்போது விரிவாக.

3(டி)-யை முதலில் தட்டிவிடலாம், சுலபமானது. தெரிந்த முறையின் வெறும் பயன்பாடு கண்டுபிடிப்பாகாது என்கிறது அந்தப் பிரிவு. அந்த முறையால் புதுப் பொருள் கிடைத்தாலோ, குறைந்தது ஒரு புது வினைபொருளாவது அதில் இருந்தாலோ விலக்கு. உங்களிடம் இரண்டும் இல்லை. ஆனால் அந்த வாதத்துக்குள் நாம் நுழையவே வேண்டாம். முறை "தெரிந்தது" என்றால் அல்லவா இந்தப் பிரிவு வரும்? புதுமை இல்லை என்று அவரே ஆட்சேபம் எழுப்பவில்லை. இந்த முறை அப்படியே எந்த ஆவணத்திலும் இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டுதான் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறார். இதை இரண்டு வரியில் மரியாதையாக எழுதினால் போதும்.

உண்மையான சண்டை 2(1)(ஜேஏ)-வில். அந்தப் பிரிவு கேட்பது தொழில்நுட்ப முன்னேற்றம், அல்லது பொருளாதார முக்கியத்துவம், அல்லது இரண்டும். கூடவே, துறை அறிந்தவருக்கு அது தானாகத் தோன்றியிருக்கவும் கூடாது. 1978-ல் உச்ச நீதிமன்றம் பிஷ்வநாத் பிரசாத் வழக்கில் சொன்னது இன்றுவரை எல்லா அறிக்கையிலும் எதிரொலிக்கும். மிர்சாபூர் பாத்திரப் பட்டறைக் கருவி பற்றிய வழக்கு. பட்டறையில் கைபழகியவர் செய்யும் சாதாரண மேம்பாடு போதாது என்று அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்கினார்கள். பரிசோதகர் உங்களையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்க்கப் பார்க்கிறார்.

பெரும்பாலான பதில்கள் எப்படி இருக்கும் தெரியுமா? "டி1-ஐயும் டி2-ஐயும் சேர்க்க முடியாது" என்று ஒரு பத்தி, "எங்கள் முறை மிகச் சிறந்தது" என்று ஒரு பத்தி. இதைப் படித்துப் படித்து அவருக்கு அலுத்துப்போயிருக்கும். நீங்கள் இப்படிப் போங்கள்.

நெருங்கிய ஆவணம் டி1 என்று ஒப்புக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று, தண்ணீர். டி1 உலர்த்தச் சொல்கிறது, நீங்கள் உலர்த்தாதே என்கிறீர்கள். அந்த வித்தியாசத்தால் என்ன நடந்தது? எடுத்துக்காட்டு 4 என்பது டி1 சொன்னபடி உலர்த்தி ஓட்டியது, 1 முதல் 3 வரை உங்கள் முறை. இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தோற்ற ஓட்டம் என்று ஒதுக்க நினைத்தீர்களே, அது இல்லையென்றால் இந்த ஒப்பீடே இல்லை.

அப்புறம் டி2. அவர் அதை உங்களுக்கு எதிராக வைத்திருக்கிறார், ஆனால் வாத்தியார் சொன்னதைக் கவனியுங்கள். மேக்ரோபோரஸ் ரெசினுக்கு வீக்கம் தேவையில்லை, உலர்நிலையிலேயே வேலை செய்யும் என்பதுதானே பாடநூல்? அதைப் படித்த ஒருவருக்குத் தண்ணீர் சேர்க்க ஏன் தோன்றும்? டி1-ம் டி2-வும் சேர்ந்து அவரை உலர்த்தும் பக்கம்தான் தள்ளும். சேர்க்க முடியாது என்று வாதிடாதீர்கள். சேர்த்துப் படித்தாலும் இங்கே வந்து சேராது என்று வாதிடுங்கள்.

ஒரு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டு 4-ல் தண்ணீர் மட்டும்தான் மாறியதா, வேறு ஏதாவதும் மாறியதா?

கப்பலூர் கெமிக்கல்

ரெசின் ஒரே பேட்ச், 35 டிகிரி, பாய்ச்சல் வேகமும் அதேதான். ஆனால் அன்றைய சரக்கில் அமிலம் கொஞ்சம் கூடுதல்.

குன்றத்து ஏஜென்ட்

விசாரணையில் அதைத்தான் கேட்பார்கள். மற்றதெல்லாம் சமமாக வைத்து, தண்ணீரை மட்டும் மாற்றி இப்போது ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். அதை விவரக்குறிப்புக்குள் திணிக்க முடியாது. பிரிவு 59-ன்படி திருத்தம் என்பது உரிமைதுறப்பு, பிழைதிருத்தம், விளக்கம் என்ற வழியில்தான், அன்று இல்லாத விஷயம் புதிதாக உள்ளே வரக்கூடாது. ஆனால் பிரமாணப் பத்திரமாகப் பதிலோடு இணைக்கலாம். எடுத்துக்காட்டு 4 அன்றே இருப்பதால் புது ஓட்டம் அதற்குச் சாட்சியாக நிற்கும். எடுத்துக்காட்டு 4 இல்லாமல் இன்றைய ஓட்டத்தை மட்டும் கொண்டுபோயிருந்தால், பின்னால் யோசித்துச் சொல்கிறீர்கள் என்று ஒதுக்க இடம் கொடுத்திருப்போம்.

சிவகாசி மை

அண்ணாச்சி, வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம். லேமினேஷன் பசைக்கு வரும் எத்தில் அசிடேட்டில் தண்ணீரும் எத்தனாலும் இருக்கவே கூடாது. பசையில் உள்ள ஐசோசயனேட்டை இரண்டும் தின்றுவிடும், ஒட்டு பிடிக்காது, பாக்கெட் பிரிந்து திரும்பி வரும். நீங்கள் தண்ணீரை விட்டுவைக்கிறேன் என்கிறீர்களே?

அப்புறம், கிளெய்மை 1 முதல் 2.5 என்று குறுக்கினால் எதிராளி 3-ல் ஓட்டிவிட்டுப் போவானே? இத்தனை பாடுபட்டுக் கையில் கிடைப்பது ஒரு சந்துதானா?

கப்பலூர் கெமிக்கல்

பெட்டுக்கு மட்டும்தான் அந்தத் தண்ணீர். பிறகு டவரில் தண்ணீரும் எத்தனாலும் எஸ்டரோடு சேர்ந்து 70 டிகிரிப் பக்கம் மேலே வந்துவிடும். அதை ஆறவைத்துத் தண்ணீர் அடுக்கைப் பிரிப்போம். உங்களுக்கு வருவது அதற்குப் பிந்தைய சரக்கு. அமிலம் முன்பே போய்விடுவதால் டவரில் எஸ்டர் உடைவது குறைகிறது, அதனால் புதிதாக எத்தனாலும் உண்டாவதில்லை.

ரெசின் வாத்தியார்

3-ல் ஓட்டட்டும், எவ்வளவு தூரம் போவான்? தண்ணீர் தனி அடுக்காகி பெட்டுக்குள் வழிகிற இடம் அது. தாராளமாகப் போகட்டும் என்று விட்டுவிடலாம். கீழ்ப் பக்கம்தான் யோசிக்க வேண்டும். 0.7, 0.8 சதவீதத்தில் ஓட்டினால் எப்படி?

கப்பலூர் கெமிக்கல்

அந்த அளவில் ஓட்டிப் பார்த்ததில்லை ஐயா.

குன்றத்து ஏஜென்ட்

அப்படியென்றால் அதற்குச் சொந்தம் கொண்டாடவும் முடியாது. கிளெய்ம் 3-ஐயும் மூன்றாம்நிலை அமீனுக்காகக் கிளெய்ம் 2-ஐயும் கிளெய்ம் 1-க்குள் சேர்த்துவிடுங்கள். இரண்டும் தாக்கல் செய்த நாளிலேயே இருந்தவை என்பதால் பிரிவு 59-க்குச் சிக்கலில்லை. பிரிவு 10 ஆட்சேபமும் அதோடு பெருமளவு அடங்கும். 5 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால், இரண்டு அடுக்காகப் பிரியும் சரக்கு எப்படி உங்கள் முறைப்படி வேலை செய்யும் என்று கேட்பார். பதில் இருக்காது. காப்பாற்ற முடியாத அகலத்தைக் கேட்டு வாங்கினாலும், பின்னால் எவனாவது பிரிவு 64-ல் ரத்துக்கு மனுப் போட்டால் முழுக் காப்புரிமையும் ஆட்டம் காணும். நான் பார்த்தவரை, சின்ன நிறுவனங்கள் தோற்பது கிளெய்ம் குறுகியதால் அல்ல, குறுக்கச் சம்மதிக்காததால்தான்.

கிளெய்ம் 9-ஐ வேண்டுமானால் பிரிவு 16-ன் கீழ் தனியாகப் பிரித்து இன்னொரு விண்ணப்பமாகப் போடலாம். காஸ்டிக்கில் கழுவி ரெசினை மீட்பது ஊரறிந்த விஷயம் என்றால் அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

நிலக்கோட்டை மல்லி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மல்லிகையிலிருந்து ஹெக்சேன் வைத்துக் கான்கிரீட் எடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். (சிமெண்ட் கான்கிரீட் இல்லை, மெழுகு மாதிரி இருக்கும் வாசனைச் சாறு.) ஹெக்சேனைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி எடுத்து ஓட்டும்போது பழைய பூ வாடை ஏறிவிடும். அதற்கு ஒரு பெட் வைத்திருக்கிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. பல வருடமாக ஓடுகிறது, சரக்கும் விற்கிறோம். முதலாளி இப்போது காப்புரிமை போடலாமா என்று கேட்கிறார்.

குன்றத்து ஏஜென்ட்

முதலாளிக்குக் கசப்பான சேதி. பிரிவு 64(1)(எல்): விண்ணப்பத்துக்கு முன்பே இந்தியாவில் ரகசியமாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் அதுவே காப்புரிமையை ரத்து செய்யக் காரணம். நியாயமான சோதனைக்காக ஓட்டியதற்கு விலக்கு உண்டு. பல வருடம் ஓட்டி விற்றதைச் சோதனை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் அதே பிரிவு உங்களைக் காப்பாற்றவும் கூடும். விண்ணப்பதாரர் பயன்படுத்தியிருந்தால் மட்டும் என்று அங்கே எழுதவில்லை. நாளைக்கு வேறொருவர் இதே முறைக்குக் காப்புரிமை வாங்கி உங்கள் மேல் வழக்குப் போட்டால், பிரிவு 107-ன்படி 64-ல் உள்ள காரணங்களையெல்லாம் தற்காப்பாக எடுத்து வைக்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். பெட் மாற்றிய லாக் புத்தகம், வாங்கிய பில் எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

கப்பலூர்க்காரரே, உங்களிடமும் இதைக் கேட்க வேண்டும். தாக்கல் செய்வதற்கு முன் அந்தப் பெட் வழியாக வந்த சரக்கை விற்றீர்களா?

கப்பலூர் கெமிக்கல்

இல்லை சார். அதற்கு முன் சோதனை ஓட்டம் மட்டும்தான், டிரம்மில் பிடித்துத் திரும்ப முதல் கொதிப்பிலேயே ஊற்றினோம். விற்பனை எல்லாம் தாக்கலுக்குப் பிறகு.

வைகை88

நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. காப்புரிமை கிடைத்தாலும் பக்கத்து ஷெட்டுக்காரனை எப்படிப் பிடிப்பது?

குன்றத்து ஏஜென்ட்

கேள்வி நியாயம்தான். பிரிவு 104ஏ என்று ஒன்று இருக்கிறது. அவன் விற்பது உங்கள் முறையில் நேரடியாகக் கிடைக்கும் பொருளே என்று நிரூபித்து, அதை உங்கள் முறையில்தான் செய்திருக்க வாய்ப்பு அதிகம், நியாயமான முயற்சி செய்தும் அவன் முறையைக் கண்டறிய முடியவில்லை என்றும் காட்டினால், வேறு முறையில் செய்ததாக நிரூபிக்கும் சுமையை நீதிமன்றம் அவன் தலையில் வைக்கலாம். புது மூலக்கூறு என்றால் இது பலமான ஆயுதம். எத்தில் அசிடேட் யார் செய்தாலும் எத்தில் அசிடேட்தான், அதனால் இங்கே கொஞ்சம் மழுங்கலாகத்தான் இருக்கும். இந்தக் காப்புரிமையால் வழக்கு போட்டுச் சம்பாதிப்பதைவிட, வேறு ஊர் யூனிட்டுகளுக்கு உரிமம் கொடுக்கும்போதும் வங்கியில் பேசும்போதும்தான் பலன் அதிகம். குறுந்தொழில் என்று படிவம் 28 கொடுத்திருந்தால் கட்டணமும் தனிநபர் அளவுதான். ஆன்லைனில் பரிசோதனைக்கு 4,000 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 20,000.

ரெசின் வாத்தியார்

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வேதிப்பொருளுக்கு இந்த நாட்டில் செய்முறைக் காப்புரிமை மட்டும்தான். 1959-ல் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1970 சட்டம் அப்படி அமைந்தது. 2005-ல்தான் பொருளுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரே பொருளை வேறு வழியில் செய்து காட்டியே இங்கே ஒரு மருந்துத் தொழில் வளர்ந்தது. செய்முறைக்கு மதிப்பில்லை என்று வைகை சொல்வதை நான் ஏற்கவில்லை.

கப்பலூர் கெமிக்கல்

புது கிளெய்ம் 1 இப்படி வருகிறது, பாருங்கள்:

"மீட்கப்பட்ட எத்தில் அசிடேட்டிலிருந்து அசிட்டிக் அமிலத்தை நீக்கும் முறை, இதில் எடையில் 1 முதல் 2.5 சதவீதம் தண்ணீர் கொண்ட சரக்கு, மூன்றாம்நிலை அமீன் கொண்ட மேக்ரோபோரஸ் வீக் பேஸ் ரெசின் பெட் வழியாக, சுமார் 35 டிகிரியில் செலுத்தப்பட்டு, அதன் பின்னரே வடித்தலுக்கு அனுப்பப்படுகிறது."

விசாரணை வைத்தால் சென்னைக்கு வர வேண்டுமா?

குன்றத்து ஏஜென்ட்

"சுமார்" வேண்டாம், அதற்கும் ஒரு தெளிவின்மை ஆட்சேபம் வரும். பழைய கிளெய்மில் 20 முதல் 60 டிகிரி என்று இருந்தால் அதையே வைத்திருங்கள். டி1-லிருந்து உங்களைப் பிரிப்பது வெப்பநிலை அல்ல, அங்கே வீணாகக் குறுக்க வேண்டாம். "அதன் பின்னரே" என்பதை விடாதீர்கள், அது முக்கியம்.

விசாரணை வீடியோவில்தான், கப்பலூரிலிருந்தே பேசலாம். முடிந்த 15 நாளுக்குள் எழுத்து வாதம் கொடுக்க வேண்டும், அதையும் இப்போதே பாதி தயார் செய்துவிடுங்கள். புது ஓட்டத்தின் அளவுகள் வந்ததும் அட்டவணையை இங்கே போடுங்கள், பிரமாணப் பத்திரத்துக்கு வாசகம் தருகிறேன்.

கப்பலூர் கெமிக்கல்

பழைய கிளெய்மில் 20 முதல் 60 தான் சார், அப்படியே வைக்கிறேன். பெட்டை இன்று கழுவி வைத்துவிட்டோம். மாலிக்யூலர் சீவ் வந்ததும் உலர் ஓட்டம்.

சிவகாசி மை

அந்த உலர் ஓட்டத்துச் சரக்கை மட்டும் எங்களுக்கு அனுப்பிவிடாதீர்கள் அண்ணாச்சி.